அம்மிணி தராத இரண்டாம் பாகம்

1961ஆம் ஆண்டு ஜூலை மாதம், பம்பாய் தாராவியில் தோல் பதனிடும் கொட்டகை ஒன்றின் பின்சுவர் மழையில் சரிந்து பூலோகம் என்ற தொழிலாளி இறந்தான். அவனுக்கு வயது இருபத்தாறு. மனைவி பூமாரிக்கு இருபத்தொன்று. குழந்தை இல்லை.

பூமாரி அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தூரம் ஒன்றுமில்லை, அதே சந்தில் நாலு வீடு தள்ளி. கீழே ஓர் அறை, மேலே தகரக்கூரைக்குள் ஒரு பரண். அறையில் அண்ணன் பிரம்மநாயகமும் மதினியும் பிள்ளையும். பரணில் அம்மா முப்பிடாதியம்மாளும் பூமாரியும். பகலில் அவள் தோல் பை தைக்கிற பட்டறைக்குப் போய் விளிம்புகளுக்குப் பசை தடவினாள். சாயங்காலம் வந்து தண்ணீர் பிடித்தாள்.

பிரம்மநாயகம் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. வங்காளத்து நாவல்கள் மட்டும்தான். தமிழில் வந்ததெல்லாவற்றையும் படித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வான். அதில் பெரிய பொய் இருக்காது. மகனுக்குச் சுதீர் என்று பெயர் வைத்திருந்தான். முப்பிடாதியம்மாளுக்கு அந்தப் பெயர் நாக்கில் நிற்கவில்லை. நம்ம சாமி பெயராகவே இருக்கட்டும் என்று அவள் அவனைச் சுடலை என்று கூப்பிட்டாள். பிள்ளை இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தது.

புத்தகங்கள் மாட்டுங்காவிலிருந்து வந்தன. கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு மாடி வீட்டின் முன்னறையில், பஞ்சாபகேசன் என்ற பாங்கு உத்தியோகஸ்தரின் தங்கை அம்மிணி வாடகை நூல்நிலையம் வைத்திருந்தாள். பிரம்மநாயகம் ஷிப்டு முடிந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் கிரீஸ் இல்லையென்று பார்த்துக்கொண்ட பிறகுதான் அந்தப் படியேறுவான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சந்தில் கோணியை விரித்து, நடுவில் ஒரு தகரப்பெட்டியில் உட்கார்ந்து, கொண்டு வந்ததை உரக்க வாசிப்பான்.

சந்தே கூடிவிடும். முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. பம்பாயிலேயே வளர்ந்த இளவட்டங்களுக்கு இந்தி தெரியும், தமிழைக் கேட்டால் புரியும், வாசிக்க வராது. பீடி சுற்றுகிற பீவிக்கு முன்வரிசையில் நிரந்தர இடம். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கை தன் வேலையைப் பார்க்க, காது கதையைப் பார்க்கும். அந்தச் சந்தில் பாதிப் பேர் சௌபாத்திக் கடற்கரையைப் பார்த்ததில்லை. ஆனால் வங்கத்துக் கிராமத்தில் குளத்துக்கு எத்தனை பக்கம் படித்துறை, ஜமீன்தார் வீட்டில் பூஜை எந்த மாதம், கல்கத்தாவில் படிக்கப் போன மகன் எந்த வண்டியில் திரும்பி வருவான் என்பதெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அந்தக் கதைகளில் விதவைகள் நிறைய வந்தார்கள். சிறு வயசு, நல்ல அழகு, வெள்ளைப் புடவை, ஒரு வேளைச் சாப்பாடு. கதாநாயகன் அவளைப் பார்ப்பான், அவளும் பார்ப்பாள், இருவரும் ஒன்றும் சொல்லாமல் நூறு பக்கம் போகும். பிரம்மநாயகம் அந்தப் பக்கங்களில் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் நடுங்க விட்டு வாசிப்பான். பெண்கள் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுப்பார்கள்.

முப்பிடாதியம்மாள்தான் ஒருநாள் கேட்டாள்.

"ஏல, ஒரு சங்கதி கேக்கேன். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு மாப்பிள்ளையப் பாத்துக் கட்டி வச்சா என்ன? அந்தூர்ல ஆம்பிளைக்கா பஞ்சம்?"

"கட்ட முடியாதும்மா. அதாம்மா கதையே."

"ஏன் முடியாது? அந்தப் பையன்தான் வாசல்லயே நிக்கானே."

கூட்டம் சிரித்தது. பீவி இலையை நறுக்கியபடி, "முதல் பக்கத்துலயே கட்டி வச்சிட்டா உம்ம மவன் எதை வாசிப்பாரு?" என்றாள்.

"அது சமூகக் கொடுமை. உங்களுக்கெல்லாம் எங்க வெளங்கப் போவுது" என்றான் பிரம்மநாயகம். பக்கத்தைத் திருப்பினான்.

அவர்கள் சனத்தில் அறுத்துக்கட்டுகிற வழக்கம் இருந்தது. புருஷன் செத்தால் வருஷம் திரும்பியதும், பெண் சம்மதித்தால், பழைய தாலியை அவன் வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுத் தாலி கட்டிக்கொள்ளலாம். முப்பிடாதியம்மாளே அப்படிக் கட்டிக்கொண்டவள்தான். பிரம்மநாயகமும் பூமாரியும் அவளுடைய இரண்டாவது புருஷனுக்குப் பிறந்தவர்கள். இதில் பெருமைப்படவோ வெட்கப்படவோ யாருக்கும் தோன்றியதில்லை. ஒரே ஒரு முறைமை உண்டு. பெண்ணின் தகப்பன், அவன் இல்லாவிட்டால் உடன்பிறந்தவன், தன் கையால் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தாம்பூலத் தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தட்டு கை மாறாமல் பெரியவர்கள் பந்தலில் உட்கார மாட்டார்கள்.

பூலோகம் செத்த வருஷத் திதிக்கு மறுநாள், பிரம்மநாயகம் தங்கைக்கு ஒரு புடவை வாங்கி வந்தான். வெள்ளைப் புடவை, கரை இல்லாதது. அவர்கள் பக்கத்தில் பல் போன கிழவிகள்தான் அப்படிக் கட்டுவார்கள்.

"கட்டிப் பாரு பூமாரி. ஒனக்கு நல்லா இருக்கும்."

அவள் கட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதை அவள் பின்னால் மறுத்ததே இல்லை. அடுத்த ஞாயிறு வாசிப்புக்கு அவள் அந்தப் புடவையில் வந்து உட்கார்ந்தபோது கூட்டம் ஒரு நிமிஷம் அடங்கிப்போயிற்று. கதைக்குள்ளிருந்து ஒருத்தி எழுந்து வந்த மாதிரி இருந்தது அவர்களுக்கு. குழாயடியில் கேலி பேசுகிறவர்கள் விலகி வழிவிட்டார்கள். பட்டறை மேஸ்திரிகூட, "அக்கா, நீங்க ஒக்காந்து செய்யுங்க" என்றான். அதுவரைக்கும் அவளை யாரும் "நீங்க" என்றதில்லை.

பிறகு மீன் போயிற்று. வங்காளத்தில் விதவைகள் மீனைத் தொடமாட்டார்கள் என்று பிரம்மநாயகம் சொன்னான். அதிகாரமாகச் சொல்லவில்லை, ஒரு பெரிய விஷயத்தைப் பகிர்ந்துகொள்வது போல, கண் பளபளக்கச் சொன்னான். பூமாரி அதையும் விட்டாள்.

"மீனு என்ன எளவுடா செஞ்சுது அவளுக்கு?" என்றாள் முப்பிடாதியம்மாள். "கொளம்ப ஊத்தித் திங்காம வெறும் ரசத்த ஊத்தித் திங்கா. தாமிரவருணித் தண்ணி குடிச்ச பிள்ளைக்கு எந்தூரு சட்டம்ல இது?"

"சட்டமில்லம்மா, மனசு" என்றான் மகன்.

முதல் சில மாதம் பூமாரிக்கு அதில் ஒரு நிறைவு இருந்தது. பூலோகத்துக்காக ஏதோ செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். பூலோகம் மீன் என்றால் உயிரை விடுகிறவன் என்பதும், தான் மீனை விட்டதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான் என்பதும் மெல்லத்தான் நினைவுக்கு வந்தன. அப்படி நினைவு வந்த நாளிலிருந்து வெள்ளைப் புடவை துவைக்கச் சிரமமாக இருந்தது. தாராவித் தூசியில் வெள்ளை ஒரு பகல் தாங்காது.

இசக்கி பூலோகத்தோடு கொட்டகையில் வேலை பார்த்தவன். விபத்துக்குப் பிறகு தோல் வேலையே வேண்டாம் என்று உல்லாஸ்நகர் போய், ஒரு சிந்திக்காரர் பட்டறையில் பெல்ட் கொக்கி அடித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிக் கதை கேட்க வருவான். கோணியின் ஓரத்தில் உட்கார்வான். வரும் வழியில் கோலிவாடா மீனவர் குடியிருப்பில் பொம்பில் கருவாடு வாங்கி வந்து முப்பிடாதியம்மாள் கையில் கொடுப்பான்.

"ஒனக்குக் கதை விளங்குதால?" என்று அவள் கேட்டாள்.

"எங்க அத்தை. யாரு யாருக்கு என்ன மொறைன்னே பிடிபடல. எல்லாவனுக்கும் பேரு பாதி பாதியா இருக்கு."

"பின்ன எதுக்கு அம்புட்டுத் தூரத்துலேந்து வார?"

இசக்கி கருவாட்டுப் பொட்டலத்தின் நூலைச் சுற்றிக்கொண்டு நின்றான். முப்பிடாதியம்மாளுக்கு அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. பரணுக்குப் போய் மகளிடம் கேட்டாள். "ஏட்டி, இசக்கி கேக்கான். ஒனக்கு எப்படி?"

பூமாரி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குச் சரிதாம்மா. அண்ணன்கிட்ட நீயே சொல்லு."

1963 ஐப்பசியில், ஒரு ஞாயிறு வாசிப்பு முடிந்து கூட்டம் கலைந்ததும் அம்மா பேச்சை எடுத்தாள். இசக்கியும் நின்றிருந்தான். பிரம்மநாயகம் மடியில் புத்தகத்தை மூடி வைத்துக் கேட்டான். அன்றுதான் ஒரு பெரிய நாவலின் முதல் பாகம் முடிந்திருந்தது. ஆற்றங்கரையில் தனியாக நிற்கிற விதவையோடு பாகம் முடிந்தது. அவன் கண் இன்னும் ஈரமாக இருந்தது.

"இசக்கி, நீ நல்ல பயதான். ஒன்னக் கொறை சொல்லல. ஆனா பூமாரி அப்படிப்பட்ட பிள்ளை இல்ல."

"எப்படிப்பட்ட பிள்ளை?" என்றாள் அம்மா.

"அவ பூலோகத்துக்காக ஒரு தவம் மாதிரி இருக்கா. சந்தே கையெடுத்துக் கும்பிடுது. அதப் போய்க் கலைக்கச் சொல்லுதியா?"

"அப்பம் நான் எப்படிப்பட்டவ? ஒங்க அய்யாவக் கட்டிக்கிடாம தவம் இருந்திருந்தா நீ எங்கேந்துல வந்திருப்ப?"

"அது அந்தக் காலம். படிப்பறிவு இல்லாத காலம்."

பூமாரி பரண் ஏணியிலிருந்து இறங்கினாள். "அண்ணே, நான் ஒண்ணு சொல்லட்டா..."

"நீ பேசாத தாயி. நீ அழுதுருவ" என்றான் அவன், மிகுந்த பிரியத்தோடு. "என் கையால தட்டு எடுக்க மாட்டேன். ஒன்னைய அப்படி எறக்க எனக்கு மனசு வராது."

அவள் அழவில்லை. அழுகிற உத்தேசமும் அவளுக்கு இல்லை. இசக்கி செருப்பைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான்.

அந்த வாரம் பிரம்மநாயகத்துக்கு இரண்டாவது ஷிப்டு. நூல்நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் அவனால் போக முடியாது. முதல் பாகத்தைக் கொடுத்துவிட்டு இரண்டாம் பாகத்தை வாங்கி வரும்படி பூமாரியை அனுப்பினான். சந்து இரண்டாம் பாகத்துக்காகக் காத்திருந்தது. ஆற்றில் அவள் இறங்கமாட்டாள் என்று பீவியும், இறங்குவாள் என்று தையல்கார நயினாரும் தேநீருக்குப் பந்தயம் கட்டியிருந்தார்கள்.

பூமாரி அதுவரை மாட்டுங்காவுக்கு நடந்து போயிருக்கிறாள், மாடிப்படி எதுவும் ஏறியதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றாள். உள்ளே சுவர் நிறையப் புத்தகம், ஒவ்வொன்றுக்கும் பழுப்புத்தாள் அட்டை. மேஜைக்குப் பின்னால் நாற்பது வயதுக்கு மேலான ஒரு பெண். நூல் புடவை, கழுத்திலும் காதிலும் நெற்றியிலும் ஒன்றும் இல்லை.

"உள்ளே வாயேன். யார் நீ?"

"பிரம்மநாயகம் தங்கச்சிம்மா. ஒர்க்‌ஷாப்புல..."

"ஓ, ஒர்க்‌ஷாப்புக்காரரா. அட்டை கிழியாமக் கொண்டு வந்து தர ஒரே ஆள்." அம்மிணி புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு புடவையைப் பார்த்தாள். "எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு வருசம் முடிஞ்சுதும்மா."

"குழந்தை?"

"இல்லம்மா."

அம்மிணி எழுந்து அலமாரிப் பக்கம் போனாள். இரண்டாம் பாகத்தை எடுத்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "உங்களவாளிலேயும் இப்படியெல்லாம் உண்டா? வெள்ளையும் அதுவும்?"

"இல்லம்மா. எங்கள்ல அறுத்துக்கட்டுவோம்."

"அப்படின்னா?"

பூமாரி சொன்னாள். தாலியைத் திருப்பிக் கொடுப்பது, தட்டு, பெரியவர்கள் உட்கார்வது எல்லாம். அம்மாவுக்கு இரண்டாவது கட்டு என்பதையும் சொன்னாள். வெளியாரிடம் சொல்லாத இசக்கி விஷயத்தையும் சொன்னாள். ஏன் இந்த அம்மாளிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மிணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நிஜமாவா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாளா?"

"எதுக்குச் சொல்லணும்?"

"பின்னே நீ ஏன் கட்டிக்கலே?"

"அண்ணனுக்குக் கதை பிடிச்சுப் போச்சும்மா" என்றாள் பூமாரி.

அம்மிணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த இரண்டாம் பாகத்தின் அட்டையைத் தடவினாள்.

"இந்தப் புஸ்தகம் முதல்லே வந்தப்போ எனக்குப் பதினேழு வயசு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலேயே எனக்கு எல்லாம் ஆயிடுத்து. எங்கப்பா ராத்திரி பகலா இதைப் படிச்சார். படிச்சுட்டு அப்படி அழுதார். எழுதினவனைத் தெய்வம்னார். அழுது முடிச்சுட்டு என்னை அப்படியே வெச்சுண்டார்."

கீழே தெருவில் பூக்காரன் போனான். இருவரும் அவன் குரல் முனை திரும்பும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மிணி இரண்டாம் பாகத்தை மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். "உங்கண்ணாகிட்டே சொல்லு, புஸ்தகம் இருக்கு, நான் தரலைன்னு. அவரை வரச் சொல்லு."

இடையில் வந்த ஞாயிறு வாசிப்பு நடக்கவில்லை; ஷிப்டு மாறியதும் பிரம்மநாயகம் மறுவாரம் போனான். அவன் திரும்பி வந்தபோது பூமாரி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையில் புத்தகம் இல்லை. நேராக உள்ளே போய்த் தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தான். காப்பி வேண்டாம் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சந்து கூடியது. கோணி விரித்தாகிவிட்டது. பிரம்மநாயகம் வெறுங்கையோடு வந்தான்.

"ரெண்டாம் பாகம் எங்க அண்ணாச்சி?" என்றாள் பீவி.

"தரல."

"வேற எவனும் எடுத்துட்டுப் போயிட்டானா?"

"அங்கதான் இருக்கு. எனக்குத் தரமாட்டேன்னுட்டாங்க."

"அட்டையக் கிழிச்சீரா?" என்றான் நயினார். "இல்ல, பாக்கி கீக்கி வச்சீரா?"

கூட்டம் அவனை விடவில்லை. ஆற்றங்கரையில் நிற்கிறவளை அப்படியே நிற்க வைத்துவிட்டு இவன் பாட்டுக்குப் போனால் எப்படி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். பரணுக்கு ஏறும் ஏணியடியில் அம்மா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். பூமாரி அடுப்படியில் இருந்தாள். அவன் அம்மாவிடம்தான் பேசினான், ஆனால் பூமாரிக்குக் கேட்கிற மாதிரி.

"அந்தம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்கம்மா. கதையில வார பொண்ணுக்கு அண்ணன் தம்பி உண்டான்னு. இல்ல, அநாதைன்னேன். ஒங்கள மாதிரி ஒரு அண்ணன் இருந்து, ஒங்கள மாதிரி ஒரு வழக்கமும் இருந்திருந்தா, ரெண்டாம் பாகமே இருந்திருக்குமான்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல. அந்தம்மா அழல. அழுதிருந்தாலாவது நான் ஏதாவது பேசிருப்பேன். 'எங்களைப் பார்த்து எழுதினதை நீங்க எதுக்கு எடுத்துண்டேள்'னாங்க. எந்திரிச்சு வந்துட்டேன்."

முப்பிடாதியம்மாள் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள். "இதத்தான நான் ரெண்டு வருசமாக் கேக்கேன். மாட்டுங்காக்காரி கேட்டாத்தான் ஒன் காதுல ஏறுமோ?"

அவன் பூமாரி பக்கம் திரும்பினான். பூலோகம் போனதிலிருந்து அவளிடம் அவன் எத்தனையோ சொல்லியிருக்கிறான். கேட்டது இல்லை.

"பூமாரி, நீ என்ன சொல்லுத?"

"செத்த இருண்ணே, தீஞ்சிரும்" என்றாள்.

அவள் பொம்பில் பொரித்துக்கொண்டிருந்தாள். போன முறை இசக்கி கொண்டு வந்தது. திருப்பிப் போட்டு, இரண்டு துண்டை ஒரு தட்டில் எடுத்து வைத்தாள். அண்ணனுக்கு வைக்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான். அவள் தரையில் உட்கார்ந்து, சோற்றைப் போட்டுக்கொண்டு, அவளே அதைச் சாப்பிட ஆரம்பித்தாள். நன்றாக மென்று, முள்ளை ஓரமாக வைத்துச் சாப்பிட்டாள்.

"எனக்கு அவரைக் கட்டணும்ணே. அழாமத்தான் சொல்லுதேன். அன்னிக்கே சொல்லிருப்பேன், நீதான் விடல."

பிரம்மநாயகம் கொஞ்ச நேரம் அவள் சாப்பிடுவதைப் பார்த்தபடி நின்றான். பிறகு, "உப்பு கூடிப்போச்சா?" என்று கேட்டான்.

"கருவாடுன்னா உப்பு இருக்கத்தான் செய்யும்" என்றாள் அம்மா. "போயி இசக்கிக்கு ஆள் சொல்லிவிடு."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். சந்தில் கோணி இன்னும் விரித்தே கிடந்தது. பீவி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்குக் கதை கெடயாதா, அண்ணாச்சி?"

"கெடயாது" என்றான். "உல்லாஸ்நகர் வரைக்கும் போயிட்டு வாரேன்."

1964 தை மாதம் தாராவிப் பிள்ளையார் கோயில் முன்னால் கல்யாணம் நடந்தது. பழைய தாலியைப் பூலோகத்தின் சித்தப்பா வாங்கிக்கொண்டார். தாம்பூலத் தட்டைப் பிரம்மநாயகம் எடுத்துக் கொடுத்தான். பூமாரி மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். அம்மிணிக்குப் பத்திரிகை போயிருந்தது. அவள் வரவில்லை, விசேஷங்களுக்கு அவள் எங்கும் போவதில்லை என்று பஞ்சாபகேசன் சொல்லியனுப்பினார். பூமாரியும் இசக்கியும் அன்று சாயங்காலமே உல்லாஸ்நகர் வண்டியில் போனார்கள்.

இரண்டாம் பாகத்தை அம்மிணி மாசி மாதம் கொடுத்தாள். பிரம்மநாயகம் அதை நாலு ஞாயிற்றுக்கிழமையில் வாசித்து முடித்தான். கூட்டம் வழக்கத்தைவிடக் குறைவு. கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் ஆற்றில் இறங்கவில்லை, காசிக்குப் போனாள். நயினார் பீவிக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தான்.